பாட்டு இருக்கிறது, பாடியவர் எங்கே?

திருகோணமலை லிங்கநகரிலோ உவர்மலையிலோ ஒரு கலியாண வீடு. தாலி கட்டி, பந்தி முடிந்து, பெரியவர்கள் வெற்றிலைத் தட்டோடு ஓரமாக அமர்ந்த பிறகு ஒலிபெருக்கிக்காரர் 'சின்ன மாமியே' பாட்டைப் போடுவார். பேரப்பிள்ளைகள் ஆடுவார்கள். தாத்தாமார் தாளம் போடுவார்கள். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வந்த பிள்ளைகளுக்கும் அந்தப் பாட்டு தெரிந்திருக்கும். அதைப் பாடியவர் யார் என்று அந்த நேரத்தில் கேட்டால் பலர் "சிலோன் மனோகர்" என்பார்கள். சிலர் ஏதோ பழைய சினிமாப் பாட்டு என்பார்கள். அந்தப் பாட்டை உருவாக்கிப் பாடியவர் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் என்று சொல்லக்கூடியவர்கள் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள்.

அதே வீட்டில் இன்னொரு கேள்வியும் கேட்கலாம். சொந்தப் பாடல்களை இசைத்தட்டில் ஏற்றி இலங்கை முழுவதும் ஒலிக்கச் செய்த இசைக்குழு ஒன்று இதே திருகோணமலையில் இருந்ததே, அதன் பெயர் என்ன? 'பரமேஸ்–கோணேஸ்' என்ற விடை அறுபது வயதைத் தாண்டியவர்களிடமிருந்துதான் வரும். சொந்த ஊரிலேயே நிலைமை இதுதான்.

1960களின் பிற்பகுதியிலிருந்து 1980களின் தொடக்கம் வரை ஈழத்துத் தமிழர் தமக்கென ஒரு மெல்லிசையையும் ஒரு பொப் இசையையும் உருவாக்கினார்கள். அந்த இசையைச் செய்தவர்களுக்கு உரிய இடம் இன்றுவரை கிடைக்கவில்லை. "தரம் போதவில்லை, அதனால்தான் நிலைக்கவில்லை" என்று இதற்கு வழக்கமாகக் காரணம் சொல்லப்படுகிறது. அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. மூன்று தலைமுறையாக ஆட வைக்கும் பாட்டை நிலைக்காத பாட்டு என்று எப்படிச் சொல்வது? பாட்டு நிலைத்தது. பெயர்தான் உதிர்ந்தது. அது எப்படி உதிர்ந்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

துறைமுகத்தின் காது

துறைமுக ஊருக்கு வந்த கப்பல்களோடு இசையும் வந்தது. திருகோணமலைக்கு இது பழைய கதை. கோணேசர் கோயிலை ஞானசம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. கடலோசையையும் கோயிலையும் சேர்த்துக் கேட்ட முதல் பெரும் பாட்டு அதுதான். 1620களில் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்து அதே பாறைமுனையில் கோட்டை கட்டினார்கள். இடித்தவர்கள் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையை விட்டு வெளியேறினார்கள். அவர்களுடைய மொழியும் தாளமும் வெளியேறவில்லை.

திருகோணமலை பாலையூற்றிலும் மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியர் சமூகம் அந்த மொழியின் கிரியோல் வடிவத்தை இன்றும் ஓரளவு பேசுகிறது. அவர்களுடைய கலியாண வீடுகளில் வயலினும் கிற்றாரும் தம்புரினும் சேர, 'கஃப்ரிஞ்ஞா' என்னும் ஆட்டப்பாட்டு நடக்கும். ஆறு எட்டுக் கணக்கில் துள்ளும் அதன் தாளம்தான் பைலா என்னும் இலங்கை ஆட்டப்பாட்டின் மூலங்களில் முதன்மையானது. 1940களில் பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியன் அந்தத் தாளத்துக்குச் சிங்களச் சொற்களைக் கட்டிப் பைலாவை நாடறியச் செய்தார். சிங்களப் பொப் இசைக்கும் பின்னர் தமிழ்ப் பொப் இசைக்கும் அது ஓடுபாதையாயிற்று. நித்தி கனகரத்தினத்தின் பாட்டுக்கு ஆடும் கால்கள், தெரிந்தோ தெரியாமலோ, பாலையூற்றிலும் கேட்ட ஒரு தாளத்துக்கே ஆடுகின்றன.

அந்தப் பறங்கி இசைக்கலைஞர்களை நாம் எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை. அவர்கள் பாட்டுகளை ஹியூ நெவில் என்ற பிரித்தானிய அதிகாரி 19ஆம் நூற்றாண்டிலேயே சேகரித்தார். அந்தக் கையெழுத்துப் படிகள் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. அமெரிக்க அறிஞர் கென்னத் டேவிட் ஜாக்சன் அவற்றை ஆராய்ந்து 1990இல் நூல் வெளியிட்டார். லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோவும் அவருடைய குழுவினரும் அண்மைக் காலத்தில் அந்த மொழியையும் பாட்டையும் ஆட்டத்தையும் ஒலி–ஒளிப் பதிவுகளாக ஆவணப்படுத்தினார்கள். தமிழ் பேசும் அயலவராகிய நாம் அந்த வேலையில் கை வைக்கவில்லை. வேலி தாண்டி வந்த இசையில் ஆடினோம். வேலிக்கு அப்பால் வாசித்தவரின் பெயரைக் கேட்கவில்லை.

பேச்சுத் தமிழுக்கு ஒரு மேடை

1960களில் ஈழத்துத் தமிழர் காதில் விழுந்த இசையில் பெரும்பகுதி தென்னிந்தியத் திரையிசை. இலங்கை வானொலி அதைத் தமிழ்நாட்டுக்கே திருப்பி ஒலிபரப்பியது. இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் மக்கள் கொழும்பு நிலையத்தைத் திருகிக் கேட்டார்கள். அந்தச் சூழலில் ஒரு யாழ்ப்பாணத்து இளைஞன் கிற்றாரோடு நின்று, வீட்டுத் திண்ணையில் பேசும் தமிழிலேயே பாடத் துணிந்தது பெரிய காரியம்.

விவசாயத் துறையில் படித்தவரான நித்தி கனகரத்தினம் 1960களின் பிற்பகுதியில் மேடையேறினார். மாமியிடம் மகளைப் பற்றிக் கேட்கும் குறும்பும், கள் குடியைக் கண்டிக்கும் அக்கறையும் அவருடைய பாடுபொருள்கள். திரைப்பாட்டில் ஈழத்துப் பேச்சுத் தமிழ் அன்று அரிதாகவே வந்தது, வந்த இடத்தில் சிரிப்புக்காக வந்தது. நித்தியின் பாட்டில் அந்தப் பேச்சு கேலிக்கு ஆளாகவில்லை. அதுவே கதை சொல்லியது, அதுவே தாளமாகியது. ஈழத்துப் பேச்சுக்கு இசையில் கிடைத்த முதல் சொந்த மேடை இது என்பேன். இந்த ஒரு காரணமே அவரை நம் பண்பாட்டு வரலாற்றின் முன்வரிசையில் இருத்தப் போதுமானது.

அவருக்கு அடுத்து, சிலோன் மனோகர் என்று அறியப்பட்ட ஏ. ஈ. மனோகரன் வந்தார். கணீரென்ற குரலும் மேடையை ஆளும் உடல்மொழியும் அவருடைய பலம். 'சுராங்கனி' அவரைக் கடல் கடந்து கொண்டுபோனது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் அந்த மெட்டைப் பாட, தமிழ்நாடு அதைத் தன் பாட்டாகவே எடுத்துக்கொண்டது. மனோகரன் 1978இல் 'வாடைக்காற்று' என்ற ஈழத்துப் படத்திலும் நடித்தார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அன்று வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை அவரை ஒரே பாட்டின் மனிதராகவே நினைவுகூர்ந்தன. ஒரு பாட்டுப் பெரிதாகப் பிரபலமானால் அதுவே மற்ற உழைப்பையெல்லாம் மறைத்துவிடுகிறது.

பொப்புக்குப் பக்கத்திலேயே மெல்லிசை வளர்ந்தது. இது வேறு குணம் கொண்டது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை, உள்ளூர்க் கவிஞர்களின் வரிகளுக்கு உள்ளூர் இசையமைப்பாளர்கள் மெட்டமைத்து உள்ளூர்க் குரல்கள் பாடும் மெல்லிசைப் பாடல்களுக்கு இடம் ஒதுக்கியது. எஸ். கே. பரராஜசிங்கம் பாடகராகவும் ஒலிபரப்பாளராகவும் அதற்குத் தூணாக நின்றார். கண்ணன்–நேசம், ஆர். முத்துசாமி, எம். கே. ரொக்சாமி, மோகன்–ரங்கன் என்று ஓர் இசையமைப்பாளர் வரிசையே இருந்தது. முத்தழகு போன்ற குரல்கள் வீட்டுக்கு வீடு தெரிந்திருந்தன. கிழக்கிலங்கைக் கவிஞர் நீலாவணனின் 'ஓ வண்டிக்காரா' மெல்லிசையாக ஒலித்தபோது, கவிதை வாசிக்காதவர்களும் ஒரு நல்ல கவிதையை மனப்பாடமாக்கினார்கள். முத்துசாமியும் ரொக்சாமியும் சிங்களத் திரையிசையிலும் பெரும் பெயர் பெற்றவர்கள். சிங்கள இசை வரலாறு அவர்களை நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு நாம் வைத்திருக்கவில்லை.

பரமேஸ்–கோணேஸ்: ஒரு திருகோணமலைத் துணிவு

இந்த வரிசையில் திருகோணமலையின் பங்கு எம். பி. பரமேஸ், எம். பி. கோணேஸ் சகோதரர்களின் இசைக்குழு. கோணேஸ் என்ற பெயரே ஊரைச் சொல்லிவிடும். கோணேசரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்காத குடும்பம் அங்கே குறைவு.

அந்தக் காலத்தில் ஒரு வெளியூர் இசைக்குழுவின் வழமையான பிழைப்பு, திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் திரைப்பாடல்களை அச்சொட்டாக வாசிப்பது. சனம் கேட்பதும் அதைத்தான். காசு வருவதும் அதில்தான். அந்த நிலையில் சொந்தப் பாடல், சொந்த மெட்டு, சொந்தக் குரல் என்று நின்று, அதையும் இசைத்தட்டாக வெளியிடுவது தொழிற்கணக்குப் பார்த்தால் நட்டத்துக்குப் போகும் வழி. பரமேஸ் அந்த வழியில் போனார். ஈழத்தில் வெளிவந்த முதல் தமிழ் மெல்லிசை இசைத்தட்டு பரமேஸினுடையது என்று அந்தத் தலைமுறையினர் பலர் குறிப்பிடுகிறார்கள். 'உனக்குத் தெரியுமா' என்ற காதல் பாட்டு 1970களில் வானொலி கேட்டு வளர்ந்தவர்களின் நெஞ்சில் இன்றும் இருக்கிறது.

இந்தப் பாட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்க் கேட்க வேண்டும். நித்தியின் துள்ளலும் மனோகரனின் மேடை முழக்கமும் இதில் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்வதுபோல் மெட்டு நகர்கிறது. பெரிய வாத்தியக் கூட்டத்தை நம்பாமல் குரலையும் சொல்லையும் நம்பிச் செய்த பாட்டு. அன்றைய திரைக் காதல் பாட்டில் நாயகன் ஊருக்கே கேட்கப் பாடுவான். இது ஒருத்திக்கு மட்டும் பாடியது போல் இருக்கிறது. மெல்லிசை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பரமேஸ் பின்னர் ஜேர்மனியில் குடியேறினார். மகள் பிரபாலினி பிரபாகரன் அங்கே பாடகியாகவும் இசையமைப்பாளராகவும் வளர்ந்தார். திருகோணமலைக் கடற்கரையில் தொடங்கிய ஓர் இசை மரபு ஐரோப்பாவில் அடுத்த தலைமுறையைக் கண்டுவிட்டது. தொடங்கிய ஊரில் அதற்கொரு நினைவுப் பலகை இருப்பதாக நான் கண்டதில்லை.

ஏழு வருட வசந்தமும் அதன் முடிவும்

இந்த இசை ஏன் அந்தக் காலத்தில் தழைத்தது, ஏன் பின்னர் தடைப்பட்டது என்பதற்கு அரசியல் பொருளாதாரத்திலும் விடை இருக்கிறது. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதிகளை இறுக்கியது. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவும் கட்டுப்பட்டது. ஈழத்துச் சஞ்சிகைகளுக்கும் நூல்களுக்கும் திரைப்படங்களுக்கும் மூச்சுவிட இடம் கிடைத்த காலம் அது. 'குத்துவிளக்கு' 1972இலும் 'புதிய காற்று' 1975இலும் 'கோமாளிகள்' 1976இலும் வந்தன. அதே காற்றுத்தான் பொப்பையும் மெல்லிசையையும் தூக்கிவிட்டது.

1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. கசெற் இயந்திரங்களும் வெற்றுக் கசெற்றுகளும் கடைகளில் குவிந்தன. தென்னிந்தியத் திரையிசை பழைய பலத்தோடு திரும்பி வந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பாடியவர்களும் வாசித்தவர்களும் கேட்டவர்களும் திசைக்கொருவராகச் சிதறினார்கள். ஒரு கலை வளர ஒத்திகை பார்க்கும் அறையும் மேடையும் இரவில் வீடு திரும்பப் பயமில்லாத தெருவும் வேண்டும். திருகோணமலையில் அந்தத் தெருக்கள் பல ஆண்டுகள் மாலையோடு அடங்கிவிட்டன. 2004 டிசம்பர் 26 காலை கடல் எழுந்தபோது கரையோர வீடுகளின் அலுமாரிகளும் பெட்டிகளும் அதனோடு போயின. மிஞ்சியிருந்த இசைத்தட்டுகளுக்கும் படங்களுக்கும் தனியாக ஒரு காவல் இருக்கவில்லை.

வட்டச் சீட்டில் இருந்த பெயர்

பெயர் உதிர்ந்த இடத்தை இன்னும் கூர்மையாகக் காட்ட முடியும். நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் சிறிய இசைத்தட்டு ஒன்றைக் கையில் எடுங்கள். ஏழு அங்குல விட்டம். நடுவில் ஒட்டிய வட்டச் சீட்டில் பாட்டின் பெயர், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர், வெளியிட்டவர், தட்டின் இலக்கம் என்று எல்லாம் அச்சிட்டிருக்கும். அந்தச் சீட்டு பிறப்புச் சாட்சிப் பத்திரம் போன்றது. வானொலி அறிவிப்பாளர் அதைப் பார்த்துத்தான் பெயர்களை வாசித்தார். பாட்டு ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் பெயரும் ஒலித்தது.

கசெற் காலத்தில் நடந்தது வேறு. சந்தியில் இருந்த ரெக்கோர்டிங் பாரில் ஒரு துண்டுக் கடதாசியில் பாட்டுகளின் முதற்சொற்களை எழுதிக் கொடுப்போம். கடைக்காரர் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சேர்த்துப் பதிந்து தருவார். கசெற் உறையில் அதே முதற்சொற்கள் குமிழ்முனைப் பேனாவில் எழுதப்பட்டிருக்கும். பாட்டு வந்தது, வட்டச் சீட்டு வரவில்லை. அந்தக் கசெற் பாரிசுக்கும் ஒஸ்லோவுக்கும் பயணப் பெட்டியில் போனது. அங்கே அதிலிருந்து இன்னொரு படி எடுத்தார்கள். இருபது வருடம் கழித்து யாரோ ஒருவர் அதைக் கணினியில் ஏற்றி 'ஈழத்துப் பழைய பொப் பாடல்' என்று தலைப்பிட்டார். ஒருவர் பாட்டு இன்னொருவர் பெயரில் சேர்ந்ததும், எல்லாம் மனோகரன் கணக்கில் விழுந்ததும் இப்படித்தான். எவரும் திட்டமிட்டுத் திருடவில்லை. ஒவ்வொரு படியெடுப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் கம்போடியாவில் சின் சிசமுத், ரொஸ் செரேசொதியா போன்றவர்களின் ரொக் இசை செழித்தது. 1975இல் அதிகாரத்துக்கு வந்த கெமர் ரூஜ் ஆட்சியில் அவர்களில் பலர் அழிந்தார்கள். 1996இல் 'கம்போடியன் ரொக்ஸ்' என்ற தொகுப்பு அமெரிக்காவில் வெளியானது. பயணி ஒருவர் கம்போடியாவில் வாங்கிய கசெற்றுகளிலிருந்து எடுத்த பாட்டுகள். ஒரு பாடகரின் பெயரும் ஒரு பாட்டின் பெயரும் அதில் இல்லை. உலகம் வியந்து கேட்டது, யாரைக் கேட்கிறோம் என்று தெரியாமல். பின்னர் கெமர் மொழி தெரிந்த ரசிகர்கள் குரல்களை அடையாளம் கண்டு ஒவ்வொரு பெயராக மீட்டார்கள். 2014இல் ஒரு முழு ஆவணப்படமே அந்த வரலாற்றைச் சொன்னது.

நம்மிடையேயும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. யாழ்ப்பாணம் தந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். தமிழ்நாட்டின் பெரும் வித்துவான்கள் அவரை வியந்து பேசினார்கள். ஆனாலும் பதிவுகள் சொற்பமாக இருந்ததால் அடுத்த தலைமுறைக்கு அவர் ஒரு கதையாக மட்டும் எஞ்சினார். அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம் அவரை மறுபடி கண்முன் நிறுத்தியது. இந்தியத் தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. அவரை நேரில் கேட்டவர்களைத் தேடிப்போய் யாரோ உட்கார்ந்து பேசியதால்தான் அது நடந்தது.

தராசில் வைத்துப் பார்ப்போம்

உரிய இடம் கேட்பவர் உண்மையையும் சொல்ல வேண்டும். ஈழத்துப் பொப் பாடல்கள் எல்லாமே சிறந்தவை என்று நான் சொல்லவில்லை. திரைமெட்டுச் சாயல் சிலவற்றில் தெரிகிறது. பெண்களைச் சீண்டுவதையே பொருளாகக் கொண்ட சில பாட்டுகளை இன்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஒலிப்பதிவு பல இடங்களில் மெலிந்தது. சென்னையின் பெரிய கலையகங்களோடு ஒப்பிட்டால் வாத்தியச் செறிவு குறைவு.

அப்படியே நிறைகளையும் எண்ணுங்கள். ஒரு சிறிய சமூகம், திரைப்படத் துறையின் முதலீடு இல்லாமல், தன் பேச்சையும் தன் கவிஞர்களையும் தன் அயலவரின் தாளத்தையும் கொண்டு புதிய பாட்டு வடிவம் ஒன்றை ஆக்கியது. தமிழ்நாட்டில் திரைக்கு வெளியே பெருவாரியான மக்கள் பாடிய தற்காலத் தமிழ்ப் பாட்டு அந்நாளில் மிக அரிது. சுயாதீன இசை என்று இன்று தமிழ் இளைஞர்கள் பெருமையோடு சொல்லும் வழியில், அரை நூற்றாண்டுக்கு முன்பே உரும்பிராயிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் சிலர் நடந்திருக்கிறார்கள். அவர்களை முன்னோடிகள் என்று சொல்ல நமக்கு எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை.

செய்யக்கூடியவை

பெயரை மீட்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்திவருகிறது. ஒலி, ஒளி, படங்களுக்கு 'ஆவணகம்' என்ற பிரிவும் அதற்கு உண்டு. வீட்டில் ஓர் இசைத்தட்டு இருந்தால் அதன் வட்டச் சீட்டை இரு பக்கமும் தெளிவாகப் படமெடுத்து அங்கே சேர்ப்பிக்கலாம். தட்டு கீறியிருந்தாலும் பரவாயில்லை, சீட்டில் பெயர் இருக்கிறது. பழைய நிகழ்ச்சித் துண்டுப் பிரசுரம், மேடைப் படம், திருவிழா அழைப்பிதழ் எல்லாவற்றுக்கும் அதே மதிப்பு உண்டு. படத்தின் பின்புறத்தில் இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதி வையுங்கள். பாடகர் பெயர் எப்படியும் கொஞ்சம் தப்பிவிடும். கொங்கோ வாசித்தவர், அக்கோர்டியன் வாசித்தவர், பேஸ் கிற்றார் பிடித்தவர் ஆகியோரின் பெயர்கள் அந்தப் பின்புற எழுத்தில் மட்டுமே மிஞ்சும்.

திருகோணமலைப் பாடசாலைகளும் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களும் இன்னொன்று செய்யலாம். பரமேஸ்–கோணேஸ் குழுவைக் கேட்டவர்கள், அவர்களோடு வாசித்தவர்கள், பாலையூற்றில் கஃப்ரிஞ்ஞாவுக்கு வயலின் இழைத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு கைத்தொலைபேசியும் ஒரு பின்னேரமும் போதும். முதலில் பெயர், பிறகு ஊர், பிறகு ஆண்டு, அதன் பிறகு கதை என்று கேட்டுப் பதியுங்கள். வானொலியில் பழைய பாட்டை ஒலிபரப்புகிறவர்களும் இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் என மூன்று பெயரையும் மறுபடி சொல்லும் வழக்கத்துக்குத் திரும்ப வேண்டும்.

அடுத்த கலியாண வீட்டில் 'சின்ன மாமியே' ஒலிக்கும்போது பக்கத்தில் ஆடும் பிள்ளையிடம் சொல்லுங்கள்: இது நித்தி கனகரத்தினம் பாடியது. பிறகு 'உனக்குத் தெரியுமா' பாட்டைத் தேடிப் போட்டுக் கேட்கச் செய்யுங்கள். அது பரமேஸ் பாடியது, நம்முடைய ஊர்க்காரர்.